பதினாறு நட்டும் சரியாகத்தான் இருந்தன

கார்ப் பந்தயம் ஓட்டுகிறவனுக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும், கால் லேசாக இருக்க வேண்டும் என்பார்கள்; வயிறு என்ன பாடுபடும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே உங்களுக்கு அடிவயிறு பிசைகிறதா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

நான் ஏழாவது வரை படித்தவன். நீலசந்திராவில் ஒரு கராஜில் சேர்ந்து, ரிப்பேர் முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் ஆளாகி, கடைசியில் முதலாளி கிரீஷ் சாரின் பந்தயக் காருக்குச் சம்பள டிரைவர் ஆனேன். பந்தயக் கார் என்றதும் ராக்கெட் மாதிரி எதையோ நினைக்க வேண்டாம். ரோட்டில் ஓடுகிற அதே கார்தான். பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருப்பார்கள். அந்தக் கூண்டுக்குள் பதினொரு வருடம் உட்கார்ந்தேன். பயமில்லாமல் உட்கார்ந்த நாள் ஒன்றுகூட இல்லை.

பெல்ட்

முதல் நாள் என்னைக் கட்டிப் போட்டவர் மெக்கானிக் முனிராஜு. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடை நடுவே ஒன்று என்று மொத்தம் ஐந்து பட்டை. ஒவ்வொன்றையும் இழுக்கும்போது முழங்காலை என் சீட்டில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். மூட்டை கட்டுகிறவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவன் நான். இருந்தாலும் உயிர் விஷயம் என்பதால், "கொஞ்சம் தளர்த்துப்பா, மூச்சு விட முடியலை" என்று மெல்லச் சொன்னேன். முனிராஜு இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்: "மூச்சு விட எடம் இருந்தா பெல்ட் லூஸுன்னு அர்த்தம்ணா."

ஹெப்பகோடிப் பக்கம்

பந்தயத் தடத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். மாடு வராது. இட்லி பார்சலை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு எதிர்ப்புறமாக யாரும் வரமாட்டார்கள். அதனால் தடத்தைவிட நம் ஊர் ரோடு எனக்குப் பெரிய பயம். ஒருமுறை ஹெப்பகோடியில் ஒரு கல்யாணத்துக்கு மனைவி சரோஜாவைக் காரில் கூட்டிப்போனேன். சந்துக்குச் சந்து ஹாரன் அடித்து, ஒவ்வொரு பைக்குக்கும் வழிவிட்டுப் போனதில், பின்னால் வந்த ஆட்டோக்காரர் பொறுமை இழந்து பக்கத்தில் வந்து ஓட்டினார்.

"ஏன் சாமி, லைசென்ஸ் நேத்துதான் குடுத்தாங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரோஜா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ரேஸ் ஓட்டறவருன்னு சொல்லிடலாம். ஆனா அந்தாளு நாம குடிச்சிருக்கோம்னு நெனைப்பான்."

என்னை முந்திய சக்கரம்

பந்தயத்தில் என்னைப் பலர் முந்தியிருக்கிறார்கள். அதில் மறக்க முடியாதது என் சொந்தச் சக்கரம். கோயம்புத்தூர்த் தடத்தில் ஒரு வளைவுக்குள் நுழைகிறேன். கார் வலது பக்கம் சாய்கிறது. ஒரு சக்கரம் மட்டும் தனியாக எனக்கு முன்னால் துள்ளித் துள்ளி ஓடுகிறது. யாருடையதோ என்று நினைத்தேன். பிறகு வானம் தெரிந்தது, மண் தெரிந்தது, மறுபடியும் வானம். பெல்ட் இறுக்கமாக இருந்ததால் மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று. நட்டு சரியாக முறுக்கப்படவில்லை என்றார்கள். யார் முறுக்கியது என்று நான் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்து வந்ததிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. காரில் ஏறுமுன் சக்கரத்துக்கு நான்காக, பதினாறு நட்டையும் விரலால் தொட்டு எண்ணுவேன். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். முனிராஜு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்ப்பார். ஒருநாள் குனிந்து தலையை என் பக்கம் நீட்டினார். "எல்லாத்தையும் தொட்டாச்சு இல்ல, அப்படியே என் நெத்தியையும் தொட்டுப் பாருண்ணா, ஜுரம் கிரம் இருக்கப் போவுது."

இன்ஷூரன்ஸ்காரர்

அந்த விபத்துக்குப் பிறகு சரோஜா ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்டை ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தாள். கனிவான மனிதர். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் எனக்கே என்மேல் இரக்கம் வரும்படி பேசினார். வாரிசு யார் என்று கேட்டார். சரோஜா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பெயரைச் சொன்னாள்.

"சார் என்ன வேலை?" என்றார். சொன்னேன். பேனா நின்றது. என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தில், தலைகீழாகக் கிடக்கும் காரின் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். அதைச் சட்டம் போட்டு மாட்டியது முனிராஜு. ஏஜென்ட் பேனாவை மூடிப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சரோஜாவைப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார்: "காபி ரொம்ப நல்லா இருந்திச்சுக்கா."

எலுமிச்சம்பழம்

போன சீசனில் தொடர்ந்து மூன்று பந்தயத்தில் பின்தங்கினேன். கிரீஷ் சார் முகம் பார்க்காமல் பேசினார். "அடுத்ததுல முதல் மூணுக்குள்ள வரணும்ணா. இல்லேன்னா சீட்டை வேற பையனுக்குக் குடுக்கணும். தப்பா நெனைக்காதே." ஐம்பத்தாறு வயதில் கராஜுக்குத் திரும்பிப் போய்க் காரைக் கழுவுவதா? எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பந்தயம் சென்னைப் பக்கம். கார் கிளம்புமுன் நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் குழுவின் வழக்கம். கற்பூரம் ஏற்றினால் எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். அன்றைக்கும் பதினாறையும் தொட்டு எண்ணிவிட்டு ஏறினேன். எண்ணிக்கை சரி. என்னைக் கட்டிப் போட்டபின் ஜாக்கியில் நின்ற காரைத் தரையில் இறக்கி, முனிராஜு ஒவ்வொரு சக்கரமாகக் கடைசி முறுக்கு முறுக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது. "டைம் ஆயித்து, பூஜை, பூஜை!" என்று கிரீஷ் சார் கத்தினார். கற்பூரம் எரிந்தது, எல்லாரும் கும்பிட்டார்கள், பழம் நசுங்க நான் கிளம்பினேன்.

மூன்றாவது சுற்றில் நான் இரண்டாவது இடம். ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. பதினொரு வருடமாக என் கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இது எந்த நடுக்கம்? இன்னும் ஐந்தே சுற்று. தடத்தை விட்டு எங்கள் ஆட்கள் நிற்கும் இடத்துக்குள் போனால் சீட்டு போகும். போகாவிட்டால் என்ன போகும் என்று தெரியவில்லை. உன்னிப்பாகக் கவனித்தேன். வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் நடுக்கம். இடது பக்கம் திரும்பினால் இல்லை. என் பயத்துக்கு இடது வலது தெரியாது. வலப்பக்க வளைவில் பாரம் விழுவது இடது முன் சக்கரத்தின் மேல்தான். அடுத்த சுற்றில் தடத்தை விட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கிரீஷ் சார் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏன் வந்தே? செகண்டுல இருந்தியே! ஏன் வந்தே?" இடது முன் சக்கரத்தைக் கைகாட்டினேன். முனிராஜு குனிந்து ஒரு நட்டைப் பிடித்தார். ஸ்பேனர் இல்லாமல், பாட்டில் மூடி மாதிரி, விரலிலேயே சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. நாலும் இருந்தன, நாலும் சுற்றின. கற்பூரத்துக்காக எழுந்து நின்றவர், மூன்று சக்கரம் முறுக்கியிருந்ததை நாலு என்று நினைத்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மற்ற வண்டிகள் எங்களைக் கடந்து போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இறங்கச் சொல்லிவிடுவார் என்று நினைத்துப் பெல்ட்டை அவிழ்க்கப் போனேன். கிரீஷ் சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உக்காருண்ணா. சீட்டு உனக்குத்தான். இவ்ளோ பயப்படற டிரைவர் எனக்கு வேற எங்க சிக்குவான்?"

ஆக, வேலை போய்விடுமே என்ற பயம் அன்றோடு தீர்ந்து, வேலை இன்னும் இருக்கிறதே என்ற பயம் மட்டும் மிச்சம்.