கடிகாரக்காரர் வீட்டு ஸ்பிண்டில்

கடிகாரக்காரருக்குச் சுத்தியல் என்றாலே ஆகாது. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார். கடுகளவு திருகாணிகளோடு காலம் தள்ளுகிற மனுஷன். கைக்கடிகாரத்தைத் திறந்துவிட்டால் மூச்சைக்கூட ஓரமாகத் திரும்பித்தான் விடுவார். கொஞ்சிக் கேட்டால் எதுவும் கழன்று வந்துவிடும் என்பது அவர் கட்சி.

மனைவியின் தம்பி வண்டி மெக்கானிக். அவன் கட்சி நேரெதிர். போன வருஷம் சாப்பிட வந்தவன், கூடத்துச் சுவர்க்கடிகாரம் நின்றுகிடப்பதைப் பார்த்தான். கடிகாரக்காரர் பல நாளாக அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். இவன் எழுந்து போய் அதன் விலாவில் ஒரு தட்டு தட்டினான். டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்துவிட்டது பாழாய்ப்போனது. "இவ்ளோதானா மாமா?" என்றான். வீடே சிரித்தது. கடிகாரக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு இல்லை. மறுநாளே கடிகாரம் மறுபடி நின்றது. தட்டினால் ஓடும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தட்டவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே!

உண்மையைச் சொன்னால், மைத்துனன் வராத வீடு அவருக்கே பிடிக்கவில்லை. அவன் இருந்தால்தான் சீட்டாட்டம், வம்பு, சிரிப்பு எல்லாம். ஆனால் முதலில் யார் வாயைத் திறப்பது?

இந்த நேரம் பார்த்து அவருடைய மோட்டார்சைக்கிளின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உள்ளே புஷ் என்கிற வளையம் தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்ற வேண்டுமானால், ஸ்விங் ஆர்மை வண்டியின் சட்டத்தோடு கோத்து நிற்கும் நீளமான இரும்புத் தண்டை, அந்த ஸ்பிண்டிலை, உருவ வேண்டும். மெக்கானிக்கையா கூப்பிடுவார்? வாசல் நடையில் வண்டியை நிறுத்தித் தாமே நட்டைக் கழற்றினார். ஸ்பிண்டில் துருவேறி இறுகிக் கிடந்தது. கடிகாரத்துக்கு விடுகிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பதமாகத் திருகினார். காலையில் எழுந்ததும் போய் நலம் விசாரித்தார். அது மசியவில்லை. வண்டி வழியை அடைத்ததால், ஒருக்களித்து நடந்தே அலுத்துப்போன மனைவி ஒருநாள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவன் பெரிய சுத்தியலோடு வந்து சேர்ந்தான். வண்டியின் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் கடிகாரக்காரர், நடுவில் அவள்.

"அக்கா, ஸ்பிண்டில் தலையில ஸ்பேனரப் போட்டு அவரத் திருகச் சொல்லு. நான் இங்கேருந்து அடிக்கிறேன்."

"என்னங்க, திருகணுமாம்."

"ஓங்கி அடிச்சா சட்டம் நெளிஞ்சிடும்னு சொல்லு உன் தம்பிகிட்ட."

"நெளியாதுன்னு சொல்லுக்கா."

"எனக்குத் தெரியும், நெளியும்னு சொல்லு."

"என்னத்தத் தெரியும்? ரெண்டு பேர் வாயும் துருப்பிடிச்சா போச்சு? எனக்கு அடுப்புல பால் கெடக்கு!" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

இருவரும் வாயை இறுக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். இவன் அடித்தான், அவர் திருகினார். திடீரென்று ஸ்பேனர் மயிரிழை நகர்ந்தது. நிஜமா, பிரமையா? சந்தேகம் வந்தால் கடிகாரக்காரரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகினார். ஸ்பேனரைக் கீழே வைத்து மண்டியிட்டு, ஸ்பிண்டிலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்து, துரு உதிர்கிறதா என்று ஆராய ஆரம்பித்தார். பீரங்கி வாய்க்கு நேராக மூக்கை நீட்டுகிறோம் என்று தோன்றவே இல்லை. தொழில் புத்தி!

மைத்துனன் சுத்தியலை ஓங்கியாகிவிட்டது. சட்டத்தின் இடுக்கில் பெரிய கண் ஒன்று விழித்துக்கொண்டிருந்தது.

"யோவ் மாமா! மூஞ்ச எடுய்யா!"

சுத்தியல் இறங்கிவிட்டது. கடிகாரக்காரர் மல்லாக்க விழுந்தார். ஸ்பிண்டில் ஒரு சாண் பாய்ந்து, அவர் கண் இருந்த இடத்தில் வந்து நின்றது.

மைத்துனன் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். "கண்ணுல படலியே? பேசு மாமா!"

"படலடா. ஆனா நகந்துச்சு மாப்ள! என் கண்ணால பாத்தேன்!"

சத்தம் கேட்டு ஓடிவந்த அவள், "யாருகிட்ட என்ன சொல்லணும்?" என்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவிக் கூடத்துக்கு வந்ததும் கடிகாரக்காரர் நின்றார். நின்றுகிடந்த சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, அது நின்னு ரொம்ப நாளாச்சு. ஒரு தட்டு தட்டேன்."

மைத்துனன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சுவரண்டை போனான்.

"மெதுவா," என்றார் கடிகாரக்காரர்.