பதினொரு மணி வண்டி

என் வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்டில் பெயர் விசில். அங்கே அவர் டைம் கீப்பர். ஒன்பது நாற்பது வண்டி ஒன்பது நாற்பத்தொன்றுக்கும் நின்றுகொண்டிருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார், கண்டக்டர் படியில் தொற்றிக்கொள்வார், இவர் விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். இருபத்தாறு வருஷத்தில் தன்னால் ஒரு வண்டியும் தாமதமாகக் கிளம்பியதில்லை என்று சொல்லிச் சொல்லியே என் உயிரை வாங்குவார். வீட்டிலும் அதே கூத்துதான். சினிமாவுக்குப் போனால் தியேட்டர் கதவைத் திறப்பவருக்கு முன்னால் நாங்கள் போய் நிற்போம். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மனுஷன்.

எங்கள் மகள் மாட்டு டாக்டர். முதல் வேலை, ஆறு மணி நேரம் தள்ளி ஒரு மலைப்பக்கத்தில். திங்கட்கிழமை காலை சேர வேண்டும். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கத் தோதாக ஒரு பழைய எஸ்யுவி வாங்கியிருந்தாள். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்று அடித்தது. இவர் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் போச்சு என்றார். சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் இரும்புக் கை அது. அதன் முனையில் இருந்த ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. மெக்கானிக் நாலு நாள் கேட்டார். விசிலிடம் போய் நாலு நாளா? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுவிட்டார். பதினொரு மணிக்கு வண்டி கிளம்பும் என்று அறிவிப்பு வேறு.

எனக்கு அவள் போவதே பிடிக்கவில்லை. அதை மறைப்பானேன்? அவளுடைய சார்ஜரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து மாட்டிக்கொண்டேன். பிறகு தலைசுற்றுகிறது என்று படுத்துப் பார்த்தேன்.

"அம்மா, உனக்கு நடிப்பு வரல. எழுந்திரு" என்றாள்.

எழுந்து வாசலுக்குப் போனேன். முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, வண்டியை இரும்பு முக்காலி மேல் ஏற்றிவிட்டு இவர் அடியில் கிடந்தார். கையெல்லாம் கிரீஸ். அதனால் புது ஆர்மோடு வந்த காகிதத்தை நான் படிக்க, அவர் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஆர்மைச் சக்கரத்தோடு கோக்கும் பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு லேசில் விடவில்லை. சுத்தியலால் நாலு அடி, வாட்சை ஒரு பார்வை, மறுபடி நாலு அடி. பழையது இரண்டும் கழன்று விழ மணி ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு என் வாயில் ஒரு வரி இருக்கும்போதே அவர் கை அடுத்த வரியில் இருந்தது.

"இருங்க, இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும், விடு."

போல்ட் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தமே இல்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தாள்.

எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. படியில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் படித்தேன். புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவதை, சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் முழுதும் இறங்கிய பிறகே செய்ய வேண்டும்; தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும் என்று போட்டிருந்தது. கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நாள் முழுக்க மூட்டை தூக்கச் சொல்வது மாதிரி. அதுவும் மலை ரோட்டில்.

சொன்னால் யார் நம்புவார்கள்? சார்ஜர் ஆயிற்று, தலைசுற்றல் ஆயிற்று. இருந்தாலும் சொன்னேன்.

"இது மூணாவதா?" என்று மகள் சிரித்தாள்.

இவர் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தார். மணி பத்து ஐம்பது. முகம் தொங்கிப்போயிற்று.

"என் தப்புதான். வண்டி நிக்கட்டும்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். உயரமான வண்டி, சக்கரம் தரையில் இருக்கும்போதே அடியில் நுழைய முடிந்தது. நான் தரையோடு தரையாகச் சாய்ந்து டார்ச் பிடித்தேன். ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினார். ரப்பர் கிறீச்சென்று தன் இடத்துக்குத் திரும்பியது. மறுபடி இறுக்கினார், நிதானமாக. வாட்சைப் பார்க்கவேயில்லை.

"அப்பா, ஆச்சா? இருட்டுறதுக்குள்ள மலை ஏறணும்" என்று மகள் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். போகிற வழியில் ஒரு கடையில் சக்கரங்களின் அலைன்மென்ட் வேறு பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி போல்ட்டும் முடிந்தது. ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

"முடிஞ்சுதுல்ல, வெளிய வாங்க."

வரவில்லை. கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

"நான் கீழ கிடக்கிற வரைக்கும் அவளால வண்டிய எடுக்க முடியாதுல்ல" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மகளின் செருப்பு என் தலைமாட்டில் வந்து நின்றது. "அம்மா, நீயாவது உண்மையச் சொல்லு. இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு போல்ட் பாக்கி இருக்கு" என்றேன்.