ரவை டின்னில் பியர் பார்லி

நான் வீட்டிலேயே பியர் காய்ச்சுபவள். அதற்கு முளைகட்டிக் காயவைத்த பார்லியை எல்லிங்ஸ்ருட் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக் குசினியிலேயே உடைக்கிறேன். ஊர்வாய்க்குப் பயந்து, உடைத்ததை 'ரவை' என்று எழுதிய டின்னில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஸ்தவாங்கர் நகரிலிருந்து வந்த மாமி, டின்னில் இருந்த பெயரை நம்பி, கண்ணாடி போட்டுப் பார்க்காமல் அதில் உப்புமா கிண்டிவிட்டார். முதல் வாயிலேயே உமி தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறியது. நான் முதுகில் ஓங்கி அடித்த பிறகுதான் இருமித் துப்பினார்.

"என்ன பிள்ளை இது?"

சொல்லாதே என்று கணவர் கண்காட்டினார்.

"பியருக்கு உடைச்ச பார்லி, மாமி."

"பொம்பிளை செய்யிற வேலையோ?"

"ஓம், நான்தான் செய்யிறனான். ஒளிச்சு வைச்சதுதான் பிழை."

இப்போது அந்த டின்னில் 'பியர் பார்லி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, முன்தட்டிலேயே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வாசித்துவிட்டு என்னைப் பற்றிக் கதைக்கட்டும். எவருக்கும் தொண்டை அடைக்காது.