ஒரே முறை செத்த ராஜா

கலியமூர்த்தி சார் போய்விட்டார் என்று அவருடைய மூத்த மகன்தான் போன் செய்தான். அடுத்த வாக்கியத்திலேயே, "நீங்க அந்த சோகப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனதுலேருந்தே அப்பாவுக்குச் சரியில்ல மாமா" என்றான். அழுவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் அடங்கவில்லை.

மன்னார்குடியில் அவரிடம் வரலாறு படித்தவர்களுக்கும், எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் அவரைப் பார்த்தவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த நாடகத்தில் தம்பியைச் சந்தேகப்பட்டுக் கொன்றுவிட்டு, உண்மை தெரிந்ததும் விஷம் குடிக்கும் ராஜா அவர். அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான நான் மந்திரி. அவர் பாடிக்கொண்டே சாவார். கூட்டம் "ஒன்ஸ்மோர்" என்று கத்தும். எழுந்து, கிரீடத்தைச் சரிசெய்து, மறுபடி விஷம் குடித்து மறுபடி சாவார். நானும் தலைமாட்டில் நின்று மறுபடி புதிதாக அழ வேண்டும். "செத்தவன எழுப்பி எழுப்பிச் சாவடிக்கிறானுங்க மந்திரி" என்று திரைக்குப் பின்னால் வந்து பல்லைக் கடிப்பார்.

அந்த நாடகத்தைப் போன மாதம் சினிமாவாகக் கொண்டுவந்தார்கள். சார் இதய நோயாளி, சோகம் ஆகாது என்று வீட்டில் தடை. மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கும் சீரியல் மட்டும் கூடத்தில் தினமும் ஓடலாமாம்! "பொத்திப் பொத்தி வச்சே என்னக் கொன்னுடுவாங்க போலருக்கு. வாங்க, கும்பகோணம் போவோம்" என்றார். பஸ் ஏறி மேட்னிக்குப் போனோம்.

படத்தில் ராஜா பாடவில்லை. விஷத்தைக் குடித்தான், தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தான், அவ்வளவுதான். பாட்டை வெட்டிவிட்டார்களே என்று நான் முணுமுணுத்தேன். "சும்மா இருங்க" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே காபிக் கடைக்கு வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். "அவன ஒரே தடவ நிம்மதியா சாக விட்டாங்கய்யா! அதான் ராஜ மரியாதை. என்னா படம்!" ஊர் வந்து சேரும்வரை அதே பேச்சுதான்.

இந்த மனிதரைத்தான் படம் கொன்றுவிட்டது என்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். பந்தலிலேயே சத்தம் போட்டேன். "உங்கப்பா கடைசியா வயிறு குலுங்கச் சிரிச்சது அன்னிக்குத்தான். அதப் போயி நோவுங்கிறியே!" நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கைப்பிடியும் அந்தச் சிரிப்பும்தான். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். பாடை தூக்கும்போது பழைய இடத்தில், தலைமாட்டில்தான் நின்றேன். "ஒன்ஸ்மோர்" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் பல்லைக் கடிப்பார். வாயைப் பொத்திக்கொண்டேன்.