நாளுக்குப் பத்துச் சுற்று

ஒரே சோதனையை ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்வதில் நான் பிடிவாதக்காரி. ஆய்வுகூடத்தில் இதற்காக என் முதுகுக்குப் பின்னால் கதைப்பார்கள் என்று தெரியும். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

அந்த வருடம் எங்கள் கையில் இருந்த வேலை, கட்டடத்துக்குள் ஓர் ஆள் எங்கே நிற்கிறார் என்று கணினித் திரையில் காட்டும் கருவி. கையில் மணிக்கூடு மாதிரி ஒரு பட்டி கட்ட வேண்டும். அது விடாமல் சமிக்ஞை அனுப்பும். தூண்களில் பொருத்திய நான்கு பெட்டிகள் அதைப் பிடித்து, எந்தப் பெட்டிக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடும். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். ஜிபிஎஸ் கூரைக்குக் கீழே சரிவராது என்பதால்தான் இவ்வளவு பாடு.

சோதிக்கக் கிடைத்த இடம், கடலேரி ஓரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறிய முதியோர் இல்லம். பெரிய சதுர மண்டபம். நடுவில் மாதா சுரூபம், அதைச் சுற்றி நான்கு தூண்கள், சுவரோரமாக அறைகள். ஓர் அறையில் குருநகர்க்காரர் ஒருவர் இருந்தார். ஆயுளில் பாதியைக் கடலில் கழித்தவர், இப்போது ஞாபகம் போய்விட்டது. ஒருநாள் விடியற்காலை யாருக்கும் தெரியாமல் வெளியே போய், முழங்கால் தண்ணீரில் நின்று, எப்போதோ விற்றுவிட்ட வள்ளத்தைத் தேடியிருக்கிறார்.

பொறுப்பாக இருந்த சிஸ்டர் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“உங்கடை மெசின் சரியெண்டா அவரின்ரை கதவு திறந்திருக்கும். இல்லாட்டி வெளியாலை பூட்டத்தான் வேணும். பிள்ளையள் வெளிநாட்டிலையிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சொல்லுதுகள். இந்த மாசம் முடியுமட்டும் பாக்கிறன்.”

அந்த முதியவர் நாள் முழுக்க மண்டபத்தைச் சுற்றி நடப்பாராம். நடப்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது.

ஆட்கள் நடமாடினால் சமிக்ஞை குழம்பும். அதனால் எல்லோரும் காலைப் பூசைக்குச் சிற்றாலயத்தில் இருக்கும் நேரத்தில் நாங்கள் வேலை செய்தோம். நாங்கள் என்றால் நானும், எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் ஆய்வுகூடத்துத் தொழில்நுட்ப அலுவலரும். அவர் சாவகச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து விடுவார். தரையில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு நாடாத் துண்டு ஒட்டினோம். மின்விசிறிகளை நிற்பாட்டினோம். பட்டி எப்போதும் வலக்கையில். இரண்டு பேரும் மாறி மாறி நடந்து, நாளுக்குப் பத்துச் சுற்று. அண்ணை ஒருநாள் வேறு செருப்போடு வந்ததற்காகக்கூட முகத்தைச் சுழித்தேன்.

பலன் கிடைத்தது. எந்த நாளும், எந்தச் சுற்றிலும், புள்ளி எங்களோடு கூடவே வந்தது. இன்று கண்டது நாளையும் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சிஸ்டருக்குக் காட்டுவதற்காக அந்த முதியவரின் வலக்கையில் பட்டியைக் கட்டினோம். அவர் அறையிலிருந்து வெளியே வந்து, சுரூபம் தன் இடக்கைப் பக்கம் இருக்க நடந்தார். பக்கக் கதவடியில் அவர் நிற்க, புள்ளி சமையலறைக்குள் நின்றது.

“உவர் குசினியிலை நிக்கிறார் எண்டெல்லோ காட்டுது,” என்றார் சிஸ்டர்.

பட்டியை மாற்றினோம். அதே பிழை. அவர் இரண்டாம் சுற்றும் அதே பக்கமாகத்தான் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நாங்கள் இரண்டு பேரும் நடந்தது வலமாக மட்டும். யாரும் சொல்லித் தரவில்லை, தீர்மானிக்கவும் இல்லை. நடுவில் ஒரு சுரூபம் இருந்தது, கால் தானாக வலம் வந்தது. கோயில் வீதியில் பழகிய கால்கள். வலமாகப் போனால் வலக்கை தூண்களின் பக்கம் இருக்கும், பெட்டிகளுக்கு நன்றாகக் கேட்கும். இடமாகப் போனால் இடையில் உடம்பு வந்துவிடும். உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அது சமிக்ஞையை விழுங்கிவிடும். செருப்பைக் குறித்து வைத்திருந்த என் குறிப்புப் புத்தகத்தில் திசையைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரிபார்க்க அண்ணையை மற்றப் பக்கமாக நடக்கச் சொன்னேன்.

“இடமாச் சுத்துறதோ, மிஸ்? அது செத்த வீட்டிலையெல்லோ சுத்துறது.”

நானே நடந்தேன். எனக்கும் கால் கூசியது. புள்ளி தாறுமாறாக ஓடியது.

“அவருக்குப் பட்டியை இடக்கையிலை கட்டிவிட்டா?” என்று அண்ணை மெல்லக் கேட்டார்.

“அவர் திரும்பி நடந்தா?”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். “அப்ப பூட்டவோ, பிள்ளை?”

புத்தகம் நிறைய நல்ல எண்கள் இருந்தன. ஒவ்வொன்றும் உண்மை. அவற்றைக் காட்டி வேறு பதில் சொல்லியிருக்கலாம். முழங்கால் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

“ஓம் சிஸ்டர். இப்போதைக்குப் பூட்டுங்கோ.”

பெட்டிகளை வெளிச் சுவர்களிலும் பொருத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டு திசையிலும், இரண்டு கையிலும். மூன்றாம் நாள் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு, மாதாவுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இடமாக ஒரு சுற்றுப் போனார். பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பூட்டிய கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் வாரம் உள்ளே காலடிச் சத்தம் கேட்டது, கைப்பிடியை ஆட்டும் சத்தமும் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அமைதியாக இருந்தால் அளவெடுக்க வசதி என்று நான் நினைத்ததை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏழு வாரம் எடுத்தது. புள்ளி எந்தத் திசையிலும் தவறாத நாளில் சிஸ்டர் அவருக்குப் பட்டியைக் கட்டி, கதவை அகலத் திறந்துவிட்டு வந்து எங்களோடு திரைக்கு முன்னால் இருந்தார்.

புள்ளி அறைக்குள் நின்றது. கால் மணித்தியாலம் போனது. அரை மணித்தியாலம் போனது.

“நிண்டிட்டுது போலை, மிஸ்,” என்றார் அண்ணை.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கணினியை நிற்பாட்டித் திரும்ப இயக்கினேன். அண்ணை பெட்டி பெட்டியாகப் பார்த்து வந்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. புள்ளி அசையவில்லை. மூன்று பேருமாக எழும்பிப் போனோம்.

அவர் கட்டில் விளிம்பில், செருப்புப் போட்டபடி, வாசலைப் பார்த்து இருந்தார்.

“வாங்கோ அப்பு, நடப்பம்,” என்றார் சிஸ்டர்.

அவர் திறந்த கதவைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

“பூட்டியெல்லோ கிடக்கு,” என்றார்.

நான் திரும்பி வந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். அன்றைய பக்கத்தில், பிழை என்ற நிரலுக்குக் கீழே, இல்லை என்று எழுதினேன்.