பாலக்காட்டு டாக்டரம்மா

எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம் கண்ணாடியோடு கண்ணாடி மோதும் சத்தம் எனக்குக் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் பாத்திரத்தில் வெறும் தண்ணீர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு டாக்டரம்மா குடியிருந்தார். அதுவே அவருடைய கிளினிக். யாழ்ப்பாணத்திலிருந்து மருத்துவம் படிக்க வந்தவர். அங்கே போர் மூண்டதும் இங்கேயே தங்கிவிட்டார். ஸ்டவ்வில் கண்ணாடி ஊசிக்குழல்கள் கொதிக்கும் கிணுகிணுப்போடுதான் எங்கள் காலைகள் விடியும். கனடாவிலிருந்து அவருடைய அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவர் அசையவில்லை.

"அங்க ஒரே குளுருங்களாமா. இங்கயே இருங்க அம்மணி, மாப்பிள்ளை நாங்க பாத்துப்போடறோம்" என்பாள் ஊசிக்கு வந்த எதிர்வீட்டு அக்கா.

"ஊசிக்குப் பயப்பிடாத மாப்பிள்ளையாப் பாருங்கோ" என்பார் டாக்டரம்மா.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. இலங்கைக்காரர்கள் எல்லாரும் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா போய்ப் பதிந்துவிட்டு வந்து, எங்களிடம்கூடச் சொல்லாமல், காத்திருந்த குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரியடித்த ஒரு மத்தியானம், சாதாரண உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அப்போது டாக்டரம்மா ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"இலங்கைக்காரிங்களா? ஆருங்க சொன்னது? அவங்க பாலக்காட்டுப் பக்கமுங்க. பேச்சே மலையாளமாட்ட இருக்குமுங்களே!"

டீக்கடைக்காரரும் பாலக்காடு என்றார். எதிர்வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், டாக்டரம்மாவுக்கு ஒத்தப்பாலத்தில் ஒரு மாமனையே உண்டாக்கிவிட்டாள். ஒருவரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேருக்கும் அவர்மேல் அத்தனை பிரியம்.

வந்தவர்களுக்கோ அவர் யாரென்று முன்பே தெரியும். தெரியாதது, ஊரே சேர்ந்து ஏன் மறைக்கிறது என்பதுதான். மறுநாள் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். பொழுது சாய்ந்துதான் விட்டார்கள்.

அம்மா காபி ஆற்றிக் கொடுத்தாள். "ஒண்ணுமில்லீங்க கண்ணு. இனி எவன் வந்தாலும் நாங்க பாத்துக்கறோம்."

டாக்டரம்மா டம்ளரை வாயருகே கொண்டு போகவில்லை.

"நான் ஒளிக்கேல்லையே அக்கா. ஆரெண்டு நானே போய்ச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்." குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொலிஸ் சந்தேகப்படும். அது அவையின்ர வேலை. ஆனா, ஒளிச்சு வைக்கவேண்டிய ஆள் நான் எண்டு நீங்களும் நினைச்சிட்டியள்."

"உங்க நல்லதுக்குத்தானுங்க…"

"தெரியும் அக்கா. தெரிஞ்சுதான் போறன்."

அடுத்த ஆடிக் காற்றுக்கு முன்னறை காலியாக இருந்தது. சிமெண்ட் தரையில் ஸ்டூலின் நான்கு கால் தடங்கள். கதவிடுக்கில் காற்று நுழைந்தால், அடுத்த ஆளை உள்ளே கூப்பிடும் குரல் போலவே இருக்கும். அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள்.

அதற்குப் பிறகு அந்த அறையை அவள் வாடகைக்கு விடவில்லை. யாராவது வந்து நின்றால், அவர்கள் கேட்பதற்கு முன்பே, தெருவுக்கே கேட்கும் குரலில் சொல்வாள்:

"இது யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ரூமுங்க!"

தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.