பதினோரு பேரின் இஜ்மா

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் நெய்ச்சோற்றுத் தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். பக்கத்திலிருந்தவர் மூச்சை இழுத்து, "ஆகா" என்றார். நான் இலையில் வாங்கவில்லை. வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊர் ஜமாஅத்தில் கணக்கப்பிள்ளை வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். முக்கூடல் போகிற வழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதுதான் என் ஒரே தகுதி. அந்தப் பெருமையில் பாட்டில் மை வாங்கி ஊற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மைமூன் லாத்தா அங்கேதான் வந்தாள்; அக்கா முறையில் அப்படித்தான் கூப்பிடுவேன். புருஷன் இறந்தபின் வாப்பா வீட்டுப் பின்கட்டில் மகளோடு இருந்தவள். வாப்பாவும் மவுத்தானதும் அண்ணன்மார் இருவரும் அவளைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

"எனக்குத் தர்மம் வேண்டாம். அல்லாஹ் எழுதுன பங்கைத் தாங்க" என்றாள்.

"கல்யாணத்துக்குப் போட்ட நகையிலயே அவ பங்கு போயிட்டு" என்றார் மூத்தவர்.

"வாப்பா மவுத்தான பொறவுதான பங்கு வரும்? அவங்க உசிரோட இருக்கயில போட்ட நகையில எப்படிக் கழிப்பிய?"

அறையில் ஜமாஅத் நிர்வாகிகள் பதினோரு பேரும் இருந்தார்கள். ஜமாஅத் தலைவர் பள்ளிவாசல் ஹஜரத்தைப் பார்த்தார். ஹஜரத் ஓதிப் படித்தவர், வெளியூர்க்காரர். நிதானமாகவே சொன்னார்: முதலில் குர்ஆன். பிறகு நபிமொழி. அதன்பின் மார்க்க அறிஞர்கள் ஒருமித்துச் சொன்ன இஜ்மா. அதிலும் இல்லையென்றால் ஒத்த ஒன்றை வைத்து முடிவு காணும் கியாஸ். ஊர் வழக்கம் இவற்றுக்கு முரண்படாத இடத்தில் மட்டும். மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று என்று குர்ஆனிலேயே இருக்கிறது.

சிலிர்த்துப் போனேன். அதோடு முடிந்தது என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பச்சைப்பிள்ளை.

"எல்லாம் சரிதான் ஹஜரத். இந்த ஊர்ல பொம்பளப் பிள்ளைக்கு வீட்டுல பங்கு குடுத்ததே இல்ல. இங்கன இருக்க பதினோரு பேருக்கும் அதுதான் முடிவு. இதுவும் இஜ்மாதான?" என்றார் தலைவர்.

வாசலில் அண்ணன்மார் ஏற்பாடு செய்திருந்த சாப்பாடு வந்து இறங்கியிருந்தது. நெய் வாசனை அறைக்குள் நுழைந்துவிட்டது. மார்க்க அறிஞர்களின் ஒருமித்த கருத்தாம்! பசித்த பதினோரு வயிறுகள். ஹஜரத் தாடியைத் தடவியபடி, "சமாதானமாப் போறது நல்லது" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"எழுதும்வே, அவ மனசார விட்டுக்குடுத்தான்னு" என்றார் தலைவர் என்னிடம்.

எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

லாத்தா எட்டிப் படித்தாள். "நான் எப்ப தம்பி மனசார விட்டுக்குடுத்தேன்?"

பேனா மூடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் கையெழுத்துப் போடாமல் போய்விட்டாள். "ரெண்டு சாட்சி இருந்தாப் போதும்லா" என்றார்கள். இரண்டாவது சாட்சி நான். பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் திசையன்விளைக்குப் போய்த் தையல் தைத்துப் பிழைத்தாள். சில வருஷம் கழித்து அங்கே பஸ் ஸ்டாண்டில் பார்த்து, பைய ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொன்னாள், அது கடமையாயிற்றே. கடமைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இப்போது அந்த வீடு இல்லை; இடித்துக் கடைகள் கட்டியாயிற்று. பதினோரு பேரில் ஒன்பது பேர் மையவாடியில் அடங்கியாயிற்று. லாத்தாவும் மவுத்தாகிவிட்டாள் என்று போன வருஷம்தான் கேள்விப்பட்டேன். மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும் என்பார்கள். கேட்பதற்கு எனக்கு இருந்த ஒரே ஆள் போய்விட்டாள்.